நூல் எத்தனை கிலோ என்று யார் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

ஈரோட்டில் 1999-ல் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் வைத்து டி.டி.பி. கடை போட்டேன். இன்று அதே கடையில் சர்வீஸும் பார்க்கிறேன். இந்தப் பகுதிக்குக் கம்ப்யூட்டர் கேள்விகள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன. சில மாதங்களுக்கு முன் ஒரு பதிலில் ரேஷன் அரிசியைப் பற்றி இரண்டு வரி எழுதப் போக, இப்போது வரும் கடிதங்களில் பாதி அரசியலும் பொருளாதாரமும். எனக்குச் சந்தோஷம்தான். அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி, மாமா நூல் வியாபாரி. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் இருவரும் மல்லுக்கட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

எட்டுக் கைத்தறி வைத்துப் போர்வையும் துண்டும் நெய்கிறோம். எந்த வாரம் எதை எத்தனை போடுவது என்று எக்செல்லில் கணக்குப் பார்க்கலாம், அதற்கு ‘சால்வர்’ என்று ஒன்று இருக்கிறது என்கிறாள் மகள். எங்கள் எக்செல்லில் அப்படி ஒன்றைக் காணவே காணோம்.
தறி உரிமையாளர், சென்னிமலை

இருக்கிறது, நாம்தான் திறந்துவிட வேண்டும். ஃபைல், அதில் ஆப்ஷன்ஸ், அதில் ஆட்-இன்ஸ். அடியில் ‘மேனேஜ்’ என்ற இடத்தில் ‘எக்செல் ஆட்-இன்ஸ்’ என்று வைத்துப் பக்கத்தில் இருக்கும் ‘கோ’வை அழுத்துங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். ‘சால்வர் ஆட்-இன்’ என்பதற்கு டிக் போட்டால், ‘டேட்டா’ பட்டையின் வலது ஓரத்தில் சால்வர் வந்து உட்காரும். லிபர் ஆபிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, ‘டூல்ஸ்’ மெனுவிலேயே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இருந்த எண்களைக் கணக்குக்குச் சுலபமாகக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்குத் தறி நேரம் 400 மணி, நூல் 150 கிலோ. போர்வைக்கு 2 மணி நேரமும் 1 கிலோ நூலும், துண்டுக்கு 1 மணி நேரமும் கால் கிலோ நூலும். போர்வையில் 90 ரூபாய் நிற்கிறது, துண்டில் 30 ரூபாய். லாபம் கூடுதலாக இருக்கிறதே என்று போர்வை மட்டும் போட்டால் 150 போர்வையில் நூல் தீர்ந்துவிடும், 13,500 ரூபாய். துண்டு மட்டும் போட்டால் 400 துண்டில் தறி நேரம் தீர்ந்துவிடும், 12,000. சால்வர் சொல்வது 100 போர்வை, 200 துண்டு. 15,000 ரூபாய். நூலும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மொத்த நூல், மொத்த நேரம், மொத்த லாபம் மூன்றும் அந்தக் கட்டங்களில் ஃபார்முலாவாக இருக்க வேண்டும். எண்ணைக் கையால் அடித்து வைத்தால் சால்வரால் அதை அசைக்க முடியாது. முறையில் ‘சிம்ப்ளெக்ஸ் எல்.பி.’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விடை வந்த பெட்டியிலேயே ‘சென்சிட்டிவிட்டி’ என்ற அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். (முழு எண் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால் அந்த அறிக்கை வராது, அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.) அதில் ‘ஷேடோ பிரைஸ்’ என்று ஒரு பத்தி வரும். தமிழில் நிழல் விலை. உங்கள் கணக்கில் நூலுக்கு 60, தறி நேரத்துக்கு 15. இன்னும் ஒரு கிலோ நூல் கிடைத்தால் லாபம் 60 ரூபாய் ஏறும், இன்னும் ஒரு மணி நேரம் தறி ஓடினால் 15 ரூபாய் ஏறும் என்று அர்த்தம். ஆக, இந்த வாரம் நீங்கள் அலைய வேண்டியது நூலுக்கு. வழக்கமான விலைக்கு மேல் கிலோவுக்கு 60 ரூபாய்க்குள் கூடுதலாகக் கேட்டால் கொடுத்து வாங்கலாம்.

சந்தை இல்லாமல் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்தவே முடியாது என்று சித்தப்பா அடித்துப் பேசுகிறார். இன்றைய கம்ப்யூட்டர் அன்றைக்கு இருந்திருந்தால் சோவியத் யூனியன் விழுந்திருக்காது என்பது என் கட்சி. ஆன்லைனில் ராத்திரி 2 மணி வரை சண்டை. யார் சரி அக்கா?
கல்லூரி மாணவர், தென்காசி

தம்பி, மேலே சென்னிமலைக்காரருக்குப் போட்ட கணக்கை ஒரு தரம் படித்துவிட்டு வாருங்கள். அந்த முறையை உலகத்தில் முதலில் எழுதி வைத்தவர் ஒரு சோவியத்காரர். லியோனித் கந்தரோவிச். லெனின்கிராடில் ஒட்டுப்பலகை செய்யும் நிறுவனம் ஒன்று, எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் அதிகப் பலகை வரும் என்று அவரிடம் கேட்டது. 1939-ல் புத்தகமாகவே போட்டார். அந்த நிழல் விலையும் அதில் இருக்கிறது. 1975-ல் அவருக்கும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கூப்மன்ஸுக்கும் சேர்த்துப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். சந்தையே இல்லாத கணக்கிலிருந்து ஒரு விலை பிறக்கிறது என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், யோசிப்பார்.

ஆனால் சித்தப்பா கட்சியும் லேசானது இல்லை. ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் லுட்விக் ஃபான் மீசஸ் 1920-லேயே எழுதினார்: தொழிற்சாலையும் இயந்திரமும் வாங்கி விற்கப்படாத இடத்தில் அவற்றுக்கு விலை இருக்காது, விலை இல்லாமல் எது வீண், எது சிக்கனம் என்று தெரியாது. போலந்துக்காரர் ஆஸ்கர் லாங்கே 1930-களில் அதற்குப் பதில் சொன்னார். திட்டக் குழுவே விலையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சரியான இடத்துக்கு வந்துவிடலாம் என்றார். கடைசிக் காலத்தில் எழுதியபோது, இந்தச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் ஒரு விநாடிக்குள் விடை வந்துவிடுமே என்றார். அவர் இறந்தது 1965-ல். நீங்கள் ராத்திரி 2 மணிக்குச் சொல்வதை அவர் அறுபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

எனக்கு இந்தச் சண்டையில் முக்கியமாகப் படுவது வேறு ஒரு இடம். மேலே ‘தறி நேரம் 400 மணி’ என்று போட்டோமே, அந்த 400 எங்கிருந்து வந்தது? தறி உரிமையாளர் சொன்னார், நான் கட்டத்தில் அடித்தேன். எட்டுத் தறி, ஒவ்வொன்றும் 50 மணி. அவரிடம் போனில் பேசியபோது வேறு கதை வந்தது. மூன்றாவது தறியில் உட்காருகிறவருக்கு முழங்கால் வலியாம், சில வாரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் மிதிக்க முடியாதாம். அந்த வாரத்தில் 400 என்பது பொய். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்த முழங்காலை அதற்குத் தெரியாது. மீசஸ் கட்சிக்காரரான பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் ஹாயெக் 1945-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். தேவையான தகவல் ஒரே இடத்தில் இல்லை, ஆளுக்கு ஒரு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, விலை அதைச் சுருக்கிக் கடத்துகிறது என்றார்.

சோவியத்தில் கம்ப்யூட்டர் யோசனை இல்லாமலும் இல்லை. விக்டர் குளுஷ்கோவ் என்ற அறிஞர் 1960-களின் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் கம்ப்யூட்டர் வலை போட்டுத் திட்டமிடலாம் என்று கேட்டார். 1970-ல் அந்த முழுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. தடுத்தது இயந்திரக் குறைபாடு மட்டும் இல்லை. ஒரு அமைச்சகம் தன் எண்களை இன்னொருவர் கையில் கொடுக்க விரும்பவில்லை. இலக்கை டன் கணக்கில் வைத்தால் கனமான சாமானாகச் செய்துவிட்டுப் போவதுதான் ஆலைக்கு வசதி. தப்பான எண்ணை வேகமாகக் கூட்டி என்ன பண்ணுவது?

கடிதத்தில் சிலி நாட்டுக் கம்ப்யூட்டர் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிபர் சால்வதோர் அயெந்தே ஆட்சியில் 1971-லிருந்து 1973 வரை அரசு ஆலைகளின் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர ஸ்டாஃபர்ட் பீர் என்ற ஆங்கிலேயர் அமைத்த சைபர்சின் அது. எல்லாரும் அதன் அறுகோணக் கட்டுப்பாட்டு அறையின் நாற்காலிப் படத்தைத்தான் பகிர்கிறார்கள். உண்மையில் உதவியது, ஓர் ஊரில் அடிப்பதை இன்னோர் ஊரில் தாளில் அச்சடிக்கும் டெலக்ஸ் இயந்திரங்கள். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கே லாரி இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று ஆலைகள் ஒன்றுக்கொன்று டெலக்ஸ் அடித்துச் சரக்கை நகர்த்தின. முழங்கால் வலியைத் தெரிந்தவர் வாய் திறக்க ஒரு வழி இருந்தது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு அதுவும் முடிந்துபோனது.

அப்புறம், நீங்கள் இருவருமே தொடாத ஒன்று. சென்னிமலைக் கணக்கில் தார் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வரி கூட இல்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சிதான் தார். நாடா ஓட வேண்டுமானால் தாரில் நூல் இருக்க வேண்டும். அதைச் சுற்றுவது வீட்டுப் பெண்கள். பாட்டி வீட்டு விடுமுறை நாட்களில் நானும் ராட்டை முன்னால் உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். இடது கையில் நூல் ஓடும்போது ஆள்காட்டி விரலில் கோடு விழும், சாயந்திரம் அந்த விரலில் ரசம் பட்டால் எரியும். பாட்டி அதை ஐம்பது வருஷம் செய்தார். போர்வை விற்ற காசில் நெய்தவர் கூலி என்று தாத்தா கைக்கு வந்தது, பாட்டிக்கு என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. சந்தை விலையிலும் அந்த நேரம் பூஜ்யம், திட்டக் குழுவின் தாளிலும் பூஜ்யம். சென்னிமலைக்காரருக்கும் இதைச் சொல்கிறேன்: தார் சுற்றும் நேரத்துக்கு ஒரு வரி சேருங்கள், கூலியையும் போடுங்கள், பிறகு சால்வரை ஓட்டுங்கள். போர்வையில் நிற்பது 90 ரூபாயா என்று பாருங்கள்.

சித்தப்பாவோடு அடுத்த முறை பேசும்போது ஒரு தொழில், ஒரு நாடு, ஒரு வருஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு முடித்துவிடுங்கள்.

2004 முதல் டைப் செய்து வைத்த எங்கள் விவசாயிகள் சங்கத் தீர்மானங்கள் புதுக் கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. வைரஸா?
சங்கச் செயலாளர், திருவாரூர்

வைரஸ் இல்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் திரும்பத் திரும்ப வருகிறது. பாமினி எழுத்துருவில் அது ‘தமிழ்’ என்ற சொல். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருந்தன. எழுத்துரு போனால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரியும். ஃபைலை முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள். பாமினியைப் போட்டுப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிவிடுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் வரும் எழுத்துகளையும், நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், ஏனென்றால் உண்மையான ஆங்கிலச் சொல்லையும் அது தமிழாக்கிக் கெடுத்துவிடும்.

2010 ஜூனிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இனி எழுதுவதை அதிலேயே எழுதுங்கள். இருபது வருஷத் தீர்மானம் என்பது ஓர் ஊரின் ஞாபகம், தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றாலே கம்யூனிசம் என்கிறார் என் மேனேஜர். நான் ராத்திரியில் சம்பளமில்லாமல் ஒரு சின்ன மென்பொருளைப் பராமரிக்கிறேன். அவர் கேட்பது எனக்கே கேள்வியாகிவிட்டது.
மென்பொருள் பணியாளர், சென்னை

உங்கள் மேனேஜருக்கு முன்னால் பெரியவர்களே சொன்னதுதான். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, காசு கொடுக்காமல் மென்பொருளை நகலெடுப்பது திருட்டு என்றார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் எதிர்த் திசையில் நடந்து, யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருளுக்காக க்னூ திட்டத்தை அறிவித்தார். 2001-ல் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் புற்றுநோய் என்றார். அதே மைக்ரோசாஃப்ட் 2018-ல் 750 கோடி டாலர் கொடுத்து, கட்டற்ற மென்பொருள்கள் பெருமளவில் குவிந்திருக்கும் கிட்ஹப்பை வாங்கியது. மாற்றி வெளியிடுகிறவரும் அதைக் கட்டற்றதாகவே கொடுக்க வேண்டும் என்கிற ஜி.பி.எல். உரிமம் நிற்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் (காப்பிரைட்) மேல்தான். தனியுடைமைச் சட்டத்தை வைத்தே பொதுச் சொத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ‘கம்யூனிசம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, யார் சோறு போடுவது என்பது. 2024 மார்ச்சில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்-இசட் என்பது ஃபைலைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கும். அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டது கிட்டத்தட்ட ஒரே ஒரு தன்னார்வலர். அவர் களைத்திருந்த நேரத்தில் ‘உதவுகிறேன்’ என்று ஒரு புனைபெயர் வந்து சேர்ந்தது. வேறு சில பெயர்கள் ‘ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை அவரிடம் கொடுங்கள்’ என்று நச்சரித்தன. இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்த அந்தப் புனைபெயர், கடைசியில் உள்ளே ஒரு திருட்டுக் கதவை வைத்தது.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் பங்களிப்பவர். தூரத்திலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று கவனித்தார். அரை விநாடி! நாம் யாராக இருந்தாலும் ‘நெட் ஸ்லோ’ என்று விட்டிருப்போம். அவர் நூல் பிடித்துப் போய் மார்ச் 29-ம் தேதி ஊருக்கே சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவுமுன் நிறுத்த முடிந்தது.

பொதுச் சொத்து என்றாலே பாழாகும் என்று சொல்பவர்களுக்கு எலினார் ஆஸ்ட்ரம் பதில் தேடினார். பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண், 2009-ல். மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடி என்று பல ஊர்களில் மக்களே விதி வைத்துக் காப்பாற்றுவதைக் காட்டினார். நமக்கு இது புதிது இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இருக்கிறது, அதற்குக் குடவோலையில் ஆள் எடுத்த முறையும் இருக்கிறது. ஏரி எல்லாருக்கும் பொது, ஆனால் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவருக்கு ஊர் நெல் அளந்தது. நீங்கள் இப்போது நெல் வாங்காமல் மடை காக்கிறீர்கள். உங்கள் மென்பொருளை எந்தெந்த நிறுவனம் பயன்படுத்துகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். உங்கள் நிறுவனமும் அதில் இருந்தால், மாதம் இத்தனை மணி நேரம் அலுவல் நேரத்திலேயே அந்த வேலை என்று எழுத்தில் கேளுங்கள். மேனேஜரிடம் வாதம் வேண்டாம், பட்டியலைக் கொடுங்கள்.

விண்டோஸ் 10 நின்றுவிட்டது, லேப்டாப்பைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கி எட்டு வருஷம்தான். இது முதலாளித்துவச் சதியா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

ஐயா, தூக்கிப் போடாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். சில லேப்டாப்களில் சில்லு இருக்கும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அதை ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, உள்ளே நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, உங்கள் பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் முழுதாக மாறுங்கள். சதி என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல இயந்திரம் குப்பைக்குப் போவதன் செலவு விற்றவர் கணக்கில் வருவதில்லை, அது என் கோபம்.

இலவசம் மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்று குடும்ப குரூப்பில் மச்சான் எழுதினார். நான் பத்துப் பதில் போட்டேன். இப்போது பேச்சு இல்லை. தங்கச்சி அழுகிறாள்.
அரசு ஊழியர், விழுப்புரம்

கடைக்குப் போன் செய்பவர்கள் முதலில் சொல்வது ‘கம்ப்யூட்டர் ஓடவில்லை’. நான் கேட்பேன்: ஃபேன் சத்தம் வருகிறதா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே படியுங்கள். ஓர் அம்மா மூன்று தரம் சி.பி.யு.வைத் தூக்கி வந்தார். தானாக அணைந்து அணைந்து எரிகிறதாம். வேறு இடத்தில் ரேம் மாற்றி, விண்டோஸ் புதிதாகப் போட்டு, பணம் போயிருந்தது. என் கடையில் இரண்டு நாள் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. ‘எப்போது அணையும்’ என்று கேட்டேன். ‘சாயந்திரம்’ என்றார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மருமகள் மாவாட்ட கிரைண்டரைப் போட்டார், திரை கறுத்தது. இரண்டும் ஒரே பிளக் லைன். யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

உங்கள் சண்டை இன்னும் ‘ஓடவில்லை’ என்ற இடத்தில் நிற்கிறது. எந்த இலவசம், எப்போதிலிருந்து? 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு, மற்றவர்களுக்கு என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் என்று வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்கு விலை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் கடையில் வேலை செய்யும் பெண் அதில்தான் வருகிறாள். முன்பு பஸ் காசு கணக்குப் பார்த்து வீட்டுப் பக்கத்திலேயே குறைந்த சம்பளத்துக்கு இருந்தவள். அவளை யாராவது சோம்பேறி என்றால் எனக்கும் கோபம் வரும்.

ஆனால் மச்சானுக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்களா? அவருக்கு நிலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்று நட ஆள் கிடைக்காமல் நாள் தவறிப் போயிருக்கலாம். அது உண்மையான வலி. அந்தச் சீசனில் அவர் என்ன கூலி சொன்னார், பக்கத்து ஊரில் என்ன கூலி, ஆட்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் குரூப்பில் வராது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். வயலைப் பார்க்கப் போகலாம் மச்சான் என்று கூப்பிடுங்கள். பத்துப் பதிலையும் போவதற்கு முன் அழித்துவிடுங்கள், தங்கச்சிக்காக.

அடிக்கும்போதே பிரிண்டர் நிற்கிறது என்று கேட்டதற்குப் போன மாதம் நீங்கள் சொன்ன மூன்றையும், டிரைவரையும் கேபிளையும் மாற்றுவது உட்பட, ஒரே நேரத்தில் செய்தேன். பிரிண்டர் சரியாகிவிட்டது. நன்றி.
ஸ்டேஷனரி கடைக்காரர், கோபிச்செட்டிபாளையம்

சந்தோஷம். ஆனால் மூன்றில் எது சரி செய்தது என்று இப்போது இருவருக்கும் தெரியாது. டிரைவரைப் பழையபடி மாற்ற வேண்டாம், யு.எஸ்.பி. கேபிளை மட்டும் பழையதைச் செருகி நாலு பக்கம் அடித்துப் பாருங்கள். மறுபடி நின்றால் கேபிள்தான். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இதே கேள்வி இன்னும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்.